பேஸ்பாலில் ‘ஸ்பிரிங் டிரெயினிங்’ என்றால் என்ன? அதன் கடைசி வாரங்களில் ரசிகர்கள் எதைக் கவனிக்கிறார்கள்?

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால் அணிகள் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசிவரை சீசனுக்குத் தயாராகும் காலம்தான் ஸ்பிரிங் டிரெயினிங். 30 அணிகளில் 15 அரிசோனாவிலும் 15 ஃபுளோரிடாவிலும் முகாமிடும். வடக்கே அப்போது குளிர் விட்டிருக்காது.

எனக்குப் பிடித்தது கடைசி இரண்டு வாரம். தொடக்கத்தில் ஓரிரு இன்னிங்ஸ் (பேஸ்பால் ஆட்டத்தின் ஒன்பது சுற்றுகளில் ஒவ்வொன்றும் ஒரு இன்னிங்ஸ்) மட்டும் வீசிய முதன்மைப் பந்துவீச்சாளர் இப்போது 5 இன்னிங்ஸ் வரை போவார். தோள் ஒரேயடியாக பாரம் தாங்காது, அதனால்தான் இந்த நிதானம். நாதஸ்வரக்காரர் சீவாளியை நனைத்து, ஊதி ஊதிப் பதம் பார்ப்பதுபோல.

முகாமுக்கு வந்தவர்களில் 26 பேருக்குத்தான் சீசன் தொடக்க அணியில் இடம். இடம் உறுதியாகாதவர்களுக்குப் பெரும்பாலும் தருகிற 80, 90 என்று பெரிய எண் போட்ட சட்டையில் ஒரு இளைஞன் எட்டாவது இன்னிங்ஸில் மட்டையோடு வந்து நிற்கும்போது, மனசு அவனுக்காகத் துடிக்கும்.

இந்த ஆட்டங்களின் வெற்றி தோல்வி சீசன் கணக்கில் சேராது. இங்கே தோற்கிற அணி சீசனிலும் தோற்கும் என்று நினைக்க வேண்டாம்.