அயர்லாந்தின் கடலோரக் கிராமத்தில் ஆண்டு முழுக்க வாழ்வது எப்படி இருக்கும்? அங்கே பருவங்கள், பறவைகள், ஊர் மனிதர்கள் எப்படி?

மேயோ மாவட்டத்தின் வடமேற்கு மூலையில் பெல்மல்லெட் என்றொரு சிற்றூர். அதைத் தாண்டினால் மல்லெட் தீபகற்பம், அப்புறம் அட்லாண்டிக் கடல்தான். இங்கே எனக்கு இது ஏழாவது ஆண்டு. முதியோர் இல்லம் ஒன்றில் இரவுப் பணிச் செவிலியராக இருக்கிறேன். எங்கள் இல்லத்துப் பெரியவர்கள் காலண்டரைப் பார்ப்பதைவிட, யார் வந்துவிட்டார்கள், யார் கிளம்பிவிட்டார்கள் என்று விசாரிப்பதுதான் அதிகம். அவர்கள் விசாரிப்பது பறவைகளை.

ஏப்ரல் கடைசியில் தொடங்கும் கேள்வி: "கார்ன்கிரேக் குரல் கேட்டதா?"

நம் வயலோரக் கானாங்கோழிக்கு உறவுக்காரப் பறவை அது. ஐரிஷ் மொழியில் ட்ரீனக் என்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பறந்து வந்து உயர்ந்த புல்லுக்குள் புகுந்துகொள்ளும். அதன் பிறகு கண்ணில் படுவது அபூர்வம், குரல் மட்டும்தான். சீப்பின் பற்களில் நகத்தை இரண்டு தரம் இழுத்தால் வருமே, அந்தச் சத்தம். க்ரெக்ஸ் க்ரெக்ஸ், க்ரெக்ஸ் க்ரெக்ஸ். இருட்டில் ஆரம்பித்தால் விடியும்வரை ஓயாது. முதல் ஆண்டு, எனக்கு விடுப்பாக இருந்த ஓர் இரவில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் கேட்டேன். மறுநாள் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் சொன்னபோது அவர் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டார். எந்த வேலிக்கு அந்தப் பக்கம், எத்தனை மணிக்கு, ஒன்றா இரண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

ஒரு காலத்தில் இந்த நாடு முழுக்கக் கேட்ட குரல் அது. இன்று மேயோ, டோனகல், கால்வே மாவட்டங்களின் கடலோரத்திலும் தீவுகளிலும்தான் மிஞ்சியிருக்கிறது. காரணம் புல் அறுப்பு. முன்பு புல் நன்றாக முற்றிய பிறகு அரிவாளால் அறுத்தார்கள். பிறகு ஊறுகாய்ப்புல்லுக்காக, அதாவது காயவைக்காமல் பதப்படுத்தி வைக்கும் மாட்டுத் தீவனத்துக்காக, சீக்கிரமே, டிராக்டரில் வேகமாக அறுக்கத் தொடங்கினார்கள். வழக்கப்படி வயலின் ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுற்றிச் சுற்றி அறுத்தால், குஞ்சுகள் பயந்து நடுவில் மிச்சமிருக்கும் புல்லுக்குள்ளேயே ஒடுங்கும். வெட்டவெளியைக் கடக்க அவற்றுக்குத் துணிவு வராது. கடைசிச் சுற்றில் எல்லாம் போய்விடும்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் அந்த ஆண்டு ஆகஸ்ட் வரை அறுக்கவில்லை. அறுத்தபோதும் நடுவிலிருந்து தொடங்கி, மெதுவாக வெளிப்பக்கம் வந்தார். ஓரத்துப் புல்லுக்குள் பறவை நகர்ந்துகொள்ள அவகாசம் வேண்டும் அல்லவா? தாமதித்து அறுப்பவர்களுக்கு உதவித்தொகை உண்டு. ஆனால் மழை எப்போது வரும் என்றே சொல்ல முடியாத இந்த ஊரில், நல்ல வெயில் நாளில் கையைக் கட்டிக்கொண்டு புல்லைப் பார்த்திருப்பது விவசாயிக்கு எவ்வளவு கஷ்டம் என்று நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர்மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்றும் குறையவில்லை.

மே மாதம் கடலிலும் விருந்தாளி. பிளாக்சாட் விரிகுடாவுக்கு அக்கரையில் தெரியும் அக்கில் தீவுப் பக்கம் பாஸ்கிங் சுறா வரும். பேருந்து நீளம் இருக்கும், ஆனால் தின்பது கடலில் மிதக்கும் மிகச் சிறிய உயிரினங்களை. 1947 முதல் 1975 வரை அக்கிலில் எண்ணெய்க்காக 12,000க்கும் மேற்பட்ட சுறாக்களைக் கொன்றார்கள். 2022இல்தான் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. கோடையில் பகல் 17 மணி நேரம் நீளும். ஊரே டர்ஃப் வேலையில் இருக்கும். சதுப்பு நிலத்து மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி, நிமிர்த்தி அடுக்கிக் காயவைத்துக் குளிர்கால அடுப்புக்குச் சேர்ப்பது. அந்தப் புகையின் வாசம் என் கம்பளிச் சட்டைகளில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

அக்டோபர் வந்தால் காற்றோடு சேர்ந்து வாத்துகள். வடகிழக்கு கிரீன்லாந்திலிருந்து வரும் பார்னக்கிள் வாத்துகள் எங்களுக்கு எதிரே உள்ள இனிஷ்கீ தீவுகளில் இறங்கும். அவை கூடு கட்டுவதை இங்கே யாரும் பார்க்காததால், மிதந்து வரும் மரத்தில் ஒட்டிய கொட்டலசு (பார்னக்கிள்) என்ற ஓட்டுயிரிலிருந்து பிறப்பதாக நம்பினார்கள். கடலில் பிறந்தது மீன் கணக்குத்தானே என்று, இறைச்சி விலக்க வேண்டிய தவக்காலத்தில் உண்டவர்களைப் பற்றி 12ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் இனிஷ்கீ என்றால் எங்கள் இல்லத்தில் குரல் தாழ்ந்துவிடும். 1927 அக்டோபர் 28 இரவு, அமைதியாக இருந்த கடலில் திடீரென்று புயல் எழுந்து, மீன்பிடிக்கப் போன தீவு இளைஞர்கள் 10 பேர் மூழ்கினார்கள். அடுத்த பத்தாண்டில் தீவு மக்கள் இக்கரைக்குக் குடிபெயர்ந்தார்கள். இப்போது கூரையில்லாத அந்த வீடுகளைச் சுற்றி வாத்துகள் மேய்கின்றன. இலையுதிர் காலத்தில் சாம்பல் நிறக் கடல்நாய்கள் அங்கே கரையேறி வெள்ளை ரோமக் குட்டிகளை ஈனுகின்றன.

அதே நாட்களில் ஐஸ்லாந்திலிருந்து அன்னங்களும் வரும். மாற்றாந்தாயின் சாபத்தால் அன்னமாக மாறி 900 ஆண்டுகள் அலைந்த லிர் மன்னனின் நான்கு பிள்ளைகள், கடைசி 300 ஆண்டுகளைக் கழித்தது இந்தக் கடலிலும், அருகிலுள்ள இனிஷ்குளோரா தீவிலும் என்பது ஐதீகம். கதை என்று தெரிந்தும், அன்னக்கூட்டம் கூவிக்கொண்டு தாழப் பறக்கும்போது நான் காரை நிறுத்திவிடுகிறேன்.

குளிர்காலம் கடினம், மறைக்க மாட்டேன். டிசம்பரில் பகல் ஏழரை மணி நேரம்தான். 2025 ஜனவரி 24 அன்று இயோவின் புயல் அடித்தது. கால்வே கடற்கரையில் காற்று 183 கிலோமீட்டர் வேகம் தொட்டது. நாட்டில் ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போனது. எங்கள் வீட்டில் விளக்கு எரிய எட்டு நாள் ஆயிற்று. அந்த எட்டு நாளும் பக்கத்து வீட்டு டர்ஃப் அடுப்பில்தான் எங்கள் சோறு வெந்தது. யாரும் அழைப்பு எதிர்பார்க்கவில்லை, கதவைத் தட்டி "குளிருகிறதா, வாருங்கள்" என்றார்கள்.

ஊர் மனிதர்கள் அப்படித்தான். எதிரே கார் வந்தால் தெரியாதவராக இருந்தாலும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்துவார்கள். மிட்வெஸ்ட் வானொலியில் இறப்பு அறிவிப்பு வாசிக்கும்போது வீடே அமைதியாகும். சாவு வீட்டுக்கு ஊர் முழுக்கப் போய், கைகுலுக்கி, தேநீர் குடித்துவிட்டு வரும்.

சென்ற மே மாதம், படுக்கையிலேயே இருக்கும் ஒரு பெரியவருக்காக கார்ன்கிரேக் குரலை போனில் பதிவுசெய்து கொண்டுபோனேன். வயலில் புல் அறுத்தே வாழ்ந்தவர். கண்ணை மூடிக் கேட்டார். இன்னொரு முறை போடச் சொன்னார்.

"எந்த வயல்?"

சொன்னேன்.

"அதன் கீழ்மூலையில் காஞ்சொறிப் புதர் இருக்கும். அதை வெட்ட வேண்டாம் என்று அவனிடம் சொல்."

மறுநாள் காலை வீடு திரும்பும் வழியில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.