அலமாரிச் சாவி

அன்புள்ள டீச்சர்,

என் மகள் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். இந்த வருடம் அவள் பள்ளியில் ஆளுக்கொரு லேப்டாப் கொடுக்கப் போகிறார்கள். வகுப்பிலும் வீட்டிலும் இனி அதில்தான் படிப்பாம். தொலைந்தாலோ உடைந்தாலோ பெற்றோர் பொறுப்பு என்று ஒரு படிவம் வந்திருக்கிறது. "கையெழுத்துப் போடாதே, அது பள்ளியிலேயே பத்திரமாக இருக்கட்டும்" என்கிறார் என் கணவர். பிள்ளை ஆளோடு ஆளாக ஏறும் மினிபஸ் டாக்சியில் போய் வருகிறாள், வழியில் யாராவது பறித்துக்கொள்வார்களோ என்று எனக்கும் பயம். கண் கெடும், கையெழுத்துக் கெடும், கேம் ஆடியே பொழுது போகும் என்கிறார் மாமியார். நாமெல்லாம் இது இல்லாமல்தானே படித்தோம்? நான் கையெழுத்துப் போடட்டுமா, வேண்டாமா?

ச., ஃபீனிக்ஸ், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள ச.,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் ஒரே இடத்தில் நின்றுவிட்டேன். "பள்ளியிலேயே பத்திரமாக இருக்கட்டும்." இந்தப் 'பத்திரம்' என்ற சொல்லோடு எனக்கு அறுபது வருடப் பகை. சில நாட்களாகவே அதைப் பற்றி எழுத நினைத்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது.

மற்றதை முதலில் முடித்துவிடுகிறேன். கண்ணுக்கு, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து வாசலில் போய் நின்று தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். கையெழுத்துக்கு நோட்டும் பேனாவும் வீட்டில் இருக்கின்றன, அவை எங்கும் போய்விடவில்லை. கேம் ஆடுவாள், ஆடட்டும். உங்கள் மாமியாருக்கு என் வணக்கம்.

ஆனால் "நாமெல்லாம் இது இல்லாமல்தானே படித்தோம்" என்று எழுதினீர்களே, அதைச் சும்மா விடமாட்டேன். நாம் எப்படிப் படித்தோம் என்று உங்களுக்குத் தெரியுமா? டர்பன் இருக்கும் இந்த நேட்டால் மண்ணில் நம் பிள்ளைகளுக்கு அரசு தானாக முன்வந்து பள்ளி கட்டித் தரவில்லை. பாதிப் பணத்தை நம்மவர்கள் திரட்டிக் காட்டினால்தான் மீதிப் பாதி வந்தது. கட்டிய பள்ளியிலும் இடம் போதாமல் காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம் என்று பிளாட்டூன் வகுப்பு நடந்தது. காலைப் பிள்ளைகள் எழுந்த பெஞ்சின் சூடு ஆறுவதற்குள் நாங்கள் போய் உட்காருவோம். இல்லாமல் படித்தோம் என்பது பெருமைப்படும் விஷயமே இல்லை அம்மா. இல்லாததால் படிப்பை விட்டவர்களை நான் எண்ணிச் சொல்ல முடியும். என் இரண்டு அண்ணன்களில் இருந்து தொடங்குவேன்.

சரி, பத்திரத்துக்கு வருகிறேன்.

என் அப்பாவுக்கு டர்பன் கார்ப்பரேஷனில் வேலை. கார்ப்பரேஷன் தொழிலாளர் குடியிருப்பான மேகசீன் பேரக்ஸில் இருந்தோம். 1960களில் எங்களை அங்கிருந்து எழுப்பி, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கே சேர்ந்த பள்ளிக்கு ஒரு மைக்ரோஸ்கோப் வாங்க வேண்டும் என்று பெற்றோர்கள் சேர்ந்து பணம் திரட்டினார்கள். கோயில் மண்டபத்தில் பிரியாணி சமைத்து விற்றார்கள். என் ஆயா, அதாவது பாட்டி, கொல்லையில் டானியாவும் (கொத்துமல்லி) கத்தரிக்காயும் போட்டு வீடு வீடாக விற்பவர். அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பத்து சென்ட் கொடுத்தார். பவுண்ட், ஷில்லிங் போய் ராண்ட், சென்ட் வந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது, ஆனால் அவருக்கு அது கடைசி வரை 'ஒரு ஷில்லிங்'தான். எதற்கு என்று கேட்டார். கண்ணுக்குத் தெரியாததை எல்லாம் பார்க்கலாம் ஆயா என்றேன். பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல் என்றார்.

மைக்ரோஸ்கோப் வந்தது. மரப்பெட்டியோடு அதைக் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். சாவி தலைமை ஆசிரியரின் கோட்டுப் பையில் இருந்தது. விலை அதிகம், பிள்ளைகள் கை பட்டால் கெட்டுவிடும், பத்திரமாக இருக்கட்டும் என்றார்கள். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் வெளியே எடுத்து, துடைத்து, மேசை மேல் வைப்பார்கள். ஒரு வருடம் பக்கத்தில் நிற்க என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். இது கண் வைக்கும் லென்ஸ், இது பொருளுக்கு அருகே இருக்கும் லென்ஸ், இது வெளிச்சத்தை மேலே திருப்பும் கண்ணாடி என்று மனப்பாடம் செய்து ஒப்பித்தேன். இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். அவர் போனதும் அது திரும்ப அலமாரிக்குப் போய்விட்டது. அதில் என் கண்ணை நான் வைக்கவே இல்லை. வெங்காயத் தோலின் செல்களை கரும்பலகையைப் பார்த்துத்தான் வரைந்தேன்.

ஆயா இரண்டு மூன்று தடவை கேட்டார், என்ன பார்த்தாய் என்று. வெங்காயத் தோல் செங்கல் அடுக்கியது மாதிரி இருக்கும் என்று கரும்பலகையில் கண்டதைச் சொன்னேன். 19 வயதில் ஆசிரியப் பயிற்சிக்குப் போனபோதுதான் உண்மையில் பார்த்தேன். அப்போது சொல்வதற்கு ஆயா இல்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்று நினைப்பீர்கள். பிள்ளைக்கு ஒரு கணினி என்ற யோசனைக்கு நம் நாட்டோடு ஒரு தொடர்பு உண்டு. அந்த யோசனையை முன்வைத்த சீமோர் பேப்பர்ட் 1928-இல் பிரிட்டோரியாவில் பிறந்தவர். சின்னப் பிள்ளையாக இருந்தபோது காரின் பற்சக்கரங்கள் மேல் அவருக்குப் பைத்தியம். கணக்குத் தன் மனதில் ஏறியதே அந்தச் சக்கரங்களைச் சுற்றிச் சுற்றித்தான் என்று பிற்காலத்தில் எழுதினார். நிறவெறியை எதிர்த்தவர், இங்கிருந்து கேம்பிரிட்ஜ் போய், ஜெனீவாவில் குழந்தை உளவியல் அறிஞர் பியாஜேயோடு வேலை பார்த்து, 1960களில் அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே கூட்டாளிகளோடு சேர்ந்து பிள்ளைகளுக்காக லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கினார். ஓர் ஆமையை 'முன்னே போ, வலப்பக்கம் திரும்பு' என்று பிள்ளை ஏவ, அது கோடு கிழித்துக்கொண்டே போகும். பிள்ளை கணினிக்குச் சொல்லித்தர வேண்டும், கணினி பிள்ளையை ஆட்டிவைக்கக் கூடாது என்பது அவர் கட்சி. பென்சில் போல அது எப்போதும் கையருகில் கிடக்க வேண்டும் என்றவர் அவர்.

அவரோடு இருந்த நிக்கோலஸ் நெக்ரோபோன்டேதான் 2005-இல் நூறு டாலர் லேப்டாப் என்று உலகத்துக்கு அறிவித்தார். 2007-இல் அது வந்தபோது விலை ஏறக்குறைய இருநூறைத் தொட்டிருந்தது. பச்சையும் வெள்ளையுமாக, ரப்பர் விசைப்பலகையோடு, வெயிலில் வைத்தும் படிக்கிற மாதிரி திரை. எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. அதன் கைப்பிடிக்குள் உபரித் திருகாணிகளைப் போட்டு வைத்திருந்தார்கள். பிள்ளை கழற்றுவாள், ஒன்றிரண்டைத் தொலைப்பாள் என்று தெரிந்தே செய்த பொருள் அது.

அந்த லேப்டாப்பை பெரு நாடு லட்சக்கணக்கில் வாங்கியது. கிராமப் பள்ளிகளில் ஆராய்ந்து 2012-இல் அறிக்கை வந்தபோது, கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகளின் மதிப்பெண் உயரவில்லை என்று தெரிந்தது. பார்த்தீர்களா, வீண் செலவு என்று பலரும் பேசினார்கள். அதே அறிக்கையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுபோகத்தான் திட்டம், ஆனால் பல பிள்ளைகளை அப்படிக் கொண்டுபோக விடவில்லை. கெட்டுப்போனால், திருடுபோனால் வேறு கிடைக்காது என்று பெரியவர்களுக்குப் பயம். ஆசிரியர்களுக்குப் பயிற்சி போதவில்லை, இணையமும் பெரும்பாலும் இல்லை. அந்தக் காரணங்களையும் நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அந்த அலமாரிதான் கண்ணில் நின்றது. அதே 2007-இல் உருகுவே ஒரு சிற்றூரில் தொடங்கி, 2009-க்குள் அரசு ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் கொடுத்து முடித்தது. பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போனார்கள், பள்ளிகளுக்கு இணையமும் இழுத்துக் கொடுத்தார்கள். அங்கும் மதிப்பெண் வானத்துக்கு ஏறிவிடவில்லை. ஆனால் ஏழை வீட்டிலும் ஒரு கணினி இருந்தது.

இங்கே 2019 பிப்ரவரியில் ஜனாதிபதி ரமபோசா நாடாளுமன்றத்தில் நின்று, ஆறு வருடத்துக்குள் ஒவ்வொரு பள்ளிப் பிள்ளைக்கும் பாடப்புத்தகத்தை டேப்லெட்டில் கொடுப்போம் என்றார். ஆறு வருடம் போய்விட்டது. நான்காம் வகுப்பில் நூற்றுக்கு 81 பிள்ளைகளால் பொருள் புரிந்து வாசிக்க முடியவில்லை என்று 2021-இன் சர்வதேசத் தேர்வு காட்டியது. முதலில் வாசிக்கச் சொல்லித்தாருங்கள், அப்புறம் லேப்டாப் என்று கேட்பவர்கள் சொல்வது நியாயம்தான். அதற்கு எதிராக நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். உங்கள் மகள் வாசிக்கத் தெரிந்தவள், அவளுக்கு அந்த வாதம் பொருந்தாது.

இனி சொல்லப்போவதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

நான் ஆசிரியையாக இருந்த பள்ளிக்கும் 2000களின் தொடக்கத்தில் இருபது கணினிகள் வந்தன. ஜன்னலுக்குக் கம்பி, கதவுக்கு இரும்பு கேட், இரண்டு பூட்டு, அலாரம். சாவி என் கையில். வகுப்புக்கு வாரம் ஒரு பீரியட், ஒரு கணினிக்கு இரண்டு பிள்ளைகள். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் இடைவேளையில் வந்து நின்றான். நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் லோகோ கட்டளைகள் எழுதிவைத்திருந்தான். ஆமை ஒரு பூ வரையுமாம். "மேம், சரியா வருதான்னு பாக்கணும், அஞ்சு நிமிஷம்" என்றான். செவ்வாய்க்கிழமை உன் பீரியடில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். அந்தச் செவ்வாய் விளையாட்டு விழா. அடுத்ததில் கரண்ட் இல்லை. அதற்கப்புறம் அவன் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சில வருடம் கழித்து அந்தக் கணினிகளைப் பழையது என்று ஏற்றி அனுப்பினார்கள். கையெழுத்துப் போட்டு ஒப்படைத்தவள் நான். ஒரு விசைப்பலகையிலும் எழுத்து அழிந்திருக்கவில்லை. நான் பத்திரமாக வைத்திருந்தேன், அதனால்தான்.

அதனால் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், திருட்டைப் பற்றி எனக்குத் தெரியாது என்று அவர் நினைக்க வேண்டாம். ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌட்டெங் மாகாணத்தில் 2015-இல் டவுன்ஷிப் (கறுப்பின மக்கள் குடியிருப்பு) பள்ளிகளில் தாளில்லாத வகுப்பறை தொடங்கியபோது டேப்லெட்டுகளுக்காகப் பள்ளிகளையே உடைத்தார்கள். பூட்டிவைத்த இடத்தில்தான் அதிகம் சேர்ந்து கிடக்கிறது, திருடனுக்கும் அது தெரியும். ஆனால் டாக்சி ரேங்கில், அந்த டாக்சிகள் நிற்கும் இடத்தில், பிள்ளை தனியாக நிற்பது வேறு விஷயம், அதில் நான் விளையாடமாட்டேன். லேப்டாப் பை வேண்டாம், பழைய ஸ்கூல் பையில் ஜெர்சிக்கு நடுவே போகட்டும். வழியில் வெளியே எடுக்கவே கூடாது. யாராவது கேட்டால் சண்டை போடாமல் கொடுத்துவிட்டு வா என்று இன்றைக்கே சொல்லிவையுங்கள். கொடுத்துவிட்டு வந்தால் வீட்டில் திட்டு விழாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அதுதான் முக்கியம்.

படிவத்தை அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள். காப்பீடு உண்டா, பறிபோய் போலீஸில் புகார் கொடுத்தால் பொறுப்பு யாருடையது, ரிப்பேருக்கு எத்தனை நாள், இடையில் வேறு ஒன்று தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். நீங்கள் ஒருவராகப் போகாமல் நாலு பெற்றோராகப் போங்கள். நம்மவர்கள் பள்ளியையே அப்படித்தான் வாங்கினார்கள். டிசம்பர் லீவில் அது யார் வீட்டில் இருக்கும் என்றும் கேளுங்கள். பள்ளியிலேயே பூட்டிவைப்போம் என்றால் அங்கேயே உட்கார்ந்து வாதாடுங்கள்.

ஒன்று மட்டும் கோபமாகவே சொல்கிறேன். கணவர் என்ன சொன்னார், மாமியார் என்ன சொன்னார், நீங்கள் என்ன பயப்படுகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மகள் என்ன சொன்னாள் என்று ஒரு வரிகூட இல்லை. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண். அந்த லேப்டாப்பில் என்ன செய்ய ஆசை என்று அவளிடம் யாராவது கேட்டீர்களா? இன்று ராத்திரி சோறு போடும்போது கேளுங்கள். அவள் சொல்வதை எனக்கு எழுதுங்கள். முடிந்தால் அவளையே எழுதச் சொல்லுங்கள், தமிழில். எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும்.

அன்புடன்,
டீச்சர்