நீலத் தொப்பிக்கு முன்னால் கியர் வண்டி

கேள்வி: எனக்கு 20 வயது. தலவாக்கலைப் பக்கம் தோட்டம். உயர் தரம் கலைப்பிரிவில் மூன்று பாடமும் சித்தி. பொலிஸிலோ ஆமியிலோ சேர்ந்து ஐ.நா. அமைதிப்படையில் போக ஆசை. "பொம்பளப் புள்ளைகள எடுக்கவே மாட்டாங்க, எடுத்தாலும் குசினியிலதான் போடுவாங்க" என்கிறார் மாமா. "ஒரு வருசம் தனியா வெளிநாட்டுலயா?" என்று அம்மா அழுகிறார். பெண்கள் ஏன் இவ்வளவு குறைவு? எனக்கு வழி உண்டா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: வழி உண்டு, தங்கச்சி. ஆனால் நீளமானது. மாமா சொல்வதில் பாதி பழைய கதை. 1993-இல் அமைதிப்படையின் நீலத் தொப்பியும் சீருடையும் போட்டிருந்தவர்களில் நூற்றுக்கு ஒருவர்தான் பெண். 2020-இல் இராணுவ அணிகளில் 4.8 வீதம், பொலிஸ் அணிகளில் 10.9 வீதம். 2028-க்குள் இராணுவ அணிகளில் 15, தனியாளாகப் போகும் இராணுவ அவதானிகளிலும் பணிநிலை அதிகாரிகளிலும் 25, தனியாளாகப் போகும் பொலிஸாரில் 30 வீதம் பெண்கள் வேண்டும் என்பது ஐ.நா. வைத்திருக்கும் இலக்கு. நியூயோர்க்கிலுள்ள ஐ.நா. தலைமையகம் கதவை மூடவில்லை. அனுப்புங்கள் என்று கேட்டபடிதான் இருக்கிறது. ஆனால் ஐ.நா.வுக்கென்று சொந்தப் படை கிடையாது. ஆளைத் தெரிந்து அனுப்புவது அந்தந்த நாடு. பெண்கள் கழிக்கப்படுவது பெரும்பாலும் விமானம் ஏறுவதற்கு வெகு முன்பே, சொந்த நாட்டுக்குள்ளேதான்.

எப்படி என்று பாருங்கள். நம் இராணுவத்தில் மகளிர் படையணி 1979-இலிருந்து இருக்கிறது. அதில் பெண்கள் அதிகம் பார்த்த வேலை அலுவலகம், தொடர்பாடல், மருத்துவம். ஐ.நா. கேட்பதோ வேறு. ஆபிரிக்காவின் மாலி நாட்டுக்கு இலங்கை அனுப்பியது வாகனத் தொடரணிக்குக் காவல் போகும் படைக் கொம்பனி. அதற்கு வேண்டியது கவச வாகனச் சாரதி, துப்பாக்கி இயக்குபவர், மெக்கானிக். பத்து வருடம் கோப்புப் பார்த்த ஒரு பெண் கோப்ரலின் பெயர் அந்தப் பட்டியலில் எப்படி வரும்? யாரும் அவரை வேண்டாம் என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. தென் சூடானில் போர் (Bor) என்ற ஊரில் இலங்கை இராணுவம் நடத்தும் ஆஸ்பத்திரி மாதிரியான பணி என்றால் தாதியருக்கும் மருத்துவருக்கும் வாய்ப்புக் கூடும். ஆக, இராணுவத்தில் சேர்ந்தால் எந்தத் தொழிற்பிரிவு என்பதுதான் பின்னாலே எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

விதிப் புத்தகமும் சில நேரம் தடைதான். 2020-இல் பிம்ஷானி ஜாசிங்காரச்சி நாட்டின் முதலாவது பெண் பிரதிப் பொலிஸ் மா அதிபரானபோது, அந்தப் பதவிக்கான விதிகளில் பெண்களுக்கு இடம் சொல்லப்படவில்லை என்று சக ஆண் அதிகாரிகளே உயர் நீதிமன்றம் போனார்கள்.

உங்கள் நிலைமைக்கு எங்கள் யோசனை பொலிஸ். இராணுவத்தில் ஒரு முழு அணி போனால்தான் பெரும்பாலான இடங்கள் திறக்கும். அதிலும் அரசியல் குறுக்கிடும்: 2019-இல் புதிய இராணுவத் தளபதி நியமனத்தையடுத்து, அத்தியாவசியமானவை தவிர்ந்த இலங்கை இராணுவ அணிகளை எடுப்பதை ஐ.நா. நிறுத்தியது. பொலிஸில் தனியாளாகவும் போகலாம். பயிற்சிக் காலம் போகக் குறைந்தது ஐந்து வருடச் சேவை, குறைந்தது 25 வயது, பிறகு ஐ.நா. பரீட்சை. பெண் பொலிஸாரை இங்கே பெரும்பாலும் பெண்கள் சிறுவர் பணியகத்தில்தான் போடுகிறார்கள். அதைத் தண்டனையாக நினைக்க வேண்டாம். வன்முறைக்குள்ளான பெண்களிடம் முறையாக வாக்குமூலம் எடுத்த அனுபவம் அமைதிப்பணியில் தேடப்படும் சரக்கு.

அந்தப் பரீட்சையில் மொழி, வாகனம் ஓட்டுதல் உண்டு. ஆயுதத்துடன் போகும் பணியானால் சுடுதலும் உண்டு. பல நாடுகளில் பெண்கள் தடுக்கி விழும் முக்கியமான இடம் ஸ்டியரிங். காரணம் திறமைக் குறைவு இல்லை. பொலிஸ் நிலையத்தில் ஜீப் சாவி ஆண் சாரதியின் சட்டைப்பையில் இருக்கும். பெண் உத்தியோகத்தர் பின் சீட்டில். சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்து ஆறு வருடம் அலமாரியில் வைத்திருந்தவரை, பரீட்சை நாளில் பெரிய ஃபோர் வீல் ஜீப்பில் ஏற்றிக் கூம்புகளுக்கு நடுவே ரிவர்ஸ் எடு என்றால் என்ன நடக்கும்? கூம்பில் இடிக்கும், வண்டி நிற்கும், பெயர் போகும்.

அதனால் இப்போதே கற்றுக்கொள்ளுங்கள். ஓட்டோ கியர் காரில் வேண்டாம். கிளச் உள்ள வானிலோ கெப்பிலோ பழகுங்கள். ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக்கை விட்டு, வண்டி பின்னால் உருளாமல் எடுப்பதும், கண்ணாடியை மட்டும் பார்த்து ரிவர்ஸில் வளைப்பதும் கை மறக்காத அளவுக்குப் பழக வேண்டும். றம்பொடை வளைவுகளில் கியர் மாற்றப் பழகியவருக்குத் தட்டையான மைதானம் ஒன்றுமில்லை. அனுமதிப்பத்திரம் கிடைத்த பிறகும் மாதத்தில் சில தடவையாவது ஓட்டுங்கள். லொறி வைத்திருக்கும் சித்தப்பா யாராவது இருந்தால் இப்போதே சிநேகம் பிடியுங்கள்.

மொழிப் பரீட்சையில் ஒரு சம்பவத்தைக் கேட்டு ஆங்கிலத்தில் அறிக்கை எழுதச் சொல்வார்கள். இலக்கணப் புத்தகம் மட்டும் போதாது. தினமும் ஆங்கில வானொலிச் செய்தி ஒன்றைக் கேட்டு எங்கே, எப்போது, யார், எத்தனை பேர், என்ன நடந்தது என்று ஐந்து வரி எழுதுங்கள். எண்ணிலும் ஊர்ப்பெயரிலும்தான் அதிகம் பிழை வரும். சிங்களம் அதற்கு முன்பே வேண்டும்; பயிற்சிக் கல்லூரியிலும் நிலையத்திலும் அது இல்லாமல் நகர முடியாது.

அம்மாவின் கண்ணீருக்கு வருவோம். நம் தோட்டங்களிலிருந்து எத்தனை தாய்மார் கைக்குழந்தையை ஆச்சியிடம் விட்டு குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போனார்கள்? இரண்டு வருடம் அடுத்தவர் வீட்டுக் கதவுக்குள் இருக்கலாம். ஒரு வருடம் சீருடையில், சக அதிகாரிகளுடன், சம்பளமும் படியும் வாங்கி இருக்கக் கூடாதா? இதை அம்மாவிடம் கோபப்படாமல் கேளுங்கள். அதேநேரம் பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்வி பொய்யல்ல. சேவையிலுள்ள பெண்கள் விண்ணப்பிக்காமல் விடுவதற்கு இது பெரிய காரணம். ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள பெண் இராணுவ அவதானிகளும் பணிநிலை அதிகாரிகளும் ஒரு வருடத்துக்குப் பதில் ஆறு மாதம் பணியாற்ற ஐ.நா. இடம் கொடுத்தது இதனால்தான்.

அங்கே போன பிறகு? ஆண் உடம்புக்கு வெட்டிய குண்டு துளைக்காத அங்கி, பூட்டில்லாத குளியலறை, வெளிச்சமில்லாத கழிவறை வழி, சனிட்டரி நப்கின் வராத களஞ்சியம். சின்ன விஷயமாகத் தெரியும்; இருட்டில் கழிவறைக்குப் போகப் பயந்து இரவில் தண்ணீர் குடிக்காமல் படுக்கும்போதுதான் அருமை தெரியும். இன்னொன்று, 'பாதுகாப்பு' என்ற பெயரில் பெண்களை ரோந்துக்கு விடாமல் முகாமுக்குள்ளேயே வைப்பது. லைபீரியாவில் இப்படி நடந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மாமாவின் குசினிக் கதையில் உண்மை இருப்பது இந்த இடத்தில்தான். தொல்லை சக படையினரிடமிருந்து வந்தால் ஐ.நா. நடத்தை ஒழுக்கப் பிரிவில் முறையிடலாம். ஆனால் இராணுவ அணியினரைத் தண்டிக்கும் அதிகாரம் அவரவர் நாட்டிடம்தான், இதையும் தெரிந்து போங்கள்.

2007-இல் பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட இலங்கைப் படையினர் ஹெய்ட்டியின் ஐ.நா. பணியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார்கள். பெண்கள் வந்தால் ஆண்கள் ஒழுங்காக இருப்பார்கள் என்று பேசுகிறவர்கள் உண்டு. அது உங்கள் வேலை இல்லை. அவர்களின் தளபதியின் வேலை. சீருடை என்றாலே நம் சனத்துக்குள் இருக்கும் தயக்கத்துக்கும் காரணம் உண்டு. அதை வீட்டில் இப்போதே பேசி முடியுங்கள்.

கடைசியாக, எல்லாவற்றுக்கும் முதல் செய்ய வேண்டியது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதாரண தரச் சான்றிதழ் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயர் எழுத்துக்கெழுத்து ஒன்றா என்று பாருங்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அப்பாவின் பெயர் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி இருப்பது வழமை. நேர்முகப் பரீட்சை நாளில் இது வெளிப்பட்டால் திருத்த நேரமிராது. இப்போதே பிரதேச செயலகத்தில் விசாரித்துத் திருத்துங்கள். அடுத்தது முகவரி. தோட்ட அலுவலகத்துக்கு வரும் கடிதம் லயத்துக்கு வந்து சேர்வதற்குள் நேர்முகத் திகதி போய்விடும். டவுனில் நம்பிக்கையான கடை அல்லது உறவினர் வீட்டு முகவரியை அவர்களிடம் கேட்டுக்கொண்டு கொடுங்கள். ஆட்சேர்ப்பு அறிவித்தல் வெள்ளிக்கிழமை வரும் வர்த்தமானியில் இருக்கும். உயரம், வயது, திருமணமாகாதவராக இருக்க வேண்டுமா என்பதையெல்லாம் அதில் பார்த்தே விண்ணப்பத்தை நிரப்புங்கள், யாரோ சொன்னதை வைத்து வேண்டாம்.