சென்டினல் தீவைத் ‘தூரத்திலிருந்து’ பார்க்கலாமா?

கேள்வி: டிசம்பர் விடுமுறைக்குக் குடும்பத்தோடு அந்தமான் போகிறோம். தெரிந்தவர் மூலம் அறிமுகமான ஒருவர், தலைக்கு எட்டாயிரம் கொடுத்தால் மீன்பிடிப் படகில் கூட்டிப்போய் வட சென்டினல் தீவைக் காட்டுவதாகச் சொல்கிறார். “இறங்கினால்தான் குற்றம், பார்த்தால் தப்பில்லை, 2018-லேயே பெர்மிட்டை எடுத்துவிட்டார்கள்” என்கிறார். மகன் யூடியூப் சேனல் வைத்திருக்கிறான், ஒரே குதியாகக் குதிக்கிறான். பாராடாங் தீவுக்குப் போகிற வழியில் ஜாரவா பழங்குடியினரையும் பார்க்கலாமாமே? என்ன செய்யலாம்? (திருப்பூர் வாசகர் ஒருவர்)

பதில்: படகு வேண்டாம். வட சென்டினல், வெளியாட்களை நெருங்கவிடாத பழங்குடியினர் தனித்து வாழ்கிற தீவு. முன்பணம் கொடுத்திருந்தால் கேட்டுப் பாருங்கள். வராவிட்டால் போகட்டும், வக்கீலுக்குக் கொடுப்பதைவிட அது குறைவாகத்தான் இருக்கும்.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருப்பதுதான் சிக்கல். 2018-இல் அந்தமான் நிக்கோபாரில் 29 தீவுகளுக்கு ஓர் அனுமதிச் சீட்டு முறையை மத்திய அரசு தளர்த்தியது. அந்தப் பட்டியலில் வட சென்டினலும் இருந்தது. ஆனால் அது வெளிநாட்டினர் வாங்க வேண்டிய சீட்டு. உங்களைக் கட்டுப்படுத்துவது வேறு சட்டம்: 1956-இல் வந்த ஆதிப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை. அதை யாரும் தளர்த்தவில்லை. 2012-இல் தண்டனையைக் கூட்டித்தான் இருக்கிறார்கள். அத்துமீறி நுழைந்தால் மூன்று ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். படமோ வீடியோவோ எடுத்தால் அது தனிக் குற்றம். சுற்றுலாவுக்காக அந்தத் தீவுக்கு அனுமதி என்று ஒன்று கிடையவே கிடையாது.

“இறங்கினால்தான் குற்றம்” என்பதும் தவறு. தீவு மட்டுமல்ல, கரையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் வரைக்கும் கடலும் தடைசெய்யப்பட்ட பகுதி. ஐந்து கிலோமீட்டருக்கு இப்பால் படகில் உட்கார்ந்துகொண்டு பார்த்தால் என்ன தெரியும்? அலை எழும்பும்போது மறைந்து தாழும்போது தெரிகிற ஒரு பச்சைக் கோடு. அதற்கு யாரும் தலைக்கு எட்டாயிரம் கேட்க மாட்டார்கள். காட்டுகிறேன் என்று ஒருவர் காசு வாங்கினால், எல்லையைத் தாண்டி உள்ளே போகப்போகிறார் என்றுதான் அர்த்தம். பிடிபட்டால் படகுக்காரரோடு நீங்களும் உள்ளே. 2018 நவம்பரில் மதம் பரப்பப் போய் அம்புக்குப் பலியான ஜான் ஆலன் சாவ் என்ற 26 வயது அமெரிக்கரை நினைவிருக்கும். 25,000 ரூபாய் வாங்கிக்கொண்டு அவரைக் கொண்டுபோய் விட்ட மீனவர்கள் கைதானார்கள். சாவின் உடலை மீட்காமலே விட்டுவிட்டார்கள். 2025 மார்ச்சில் இன்னொரு அமெரிக்க இளைஞர், மோட்டார் பொருத்திய ரப்பர் படகில் போய், ஒரு தேங்காயையும் ஒரு கோக் டின்னையும் கரையில் ‘காணிக்கை’ வைத்துவிட்டுத் திரும்பினார். யாரும் கண்ணில் படவில்லை, அம்பும் வரவில்லை. ஆனாலும் கைது. உங்கள் மகன் இந்தக் கதையைத் தேடிப் படித்தால் குதிப்பது கொஞ்சம் அடங்கும்.

அம்பு பயந்தான் எல்லோர் மனதிலும் முதலில் வருகிறது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2006-இல் தீவுக்கு அருகே இரவில் நங்கூரம் பாய்ச்சிவிட்டுத் தூங்கிய இரண்டு மீனவர்களின் படகு நழுவிக் கரை ஒதுங்கியது, இருவரும் கொல்லப்பட்டார்கள். ஆனால் சட்டம் முக்கியமாகக் கவலைப்படுவது எதிர்ப்பக்கத்துக்காக, அதாவது தீவுக்காரர்களுக்காக. நம் வீட்டுக் குழந்தை பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவருகிற சளி, இருமல், அம்மை எல்லாவற்றையும் நம் உடம்பு பல தலைமுறையாகப் பழகியிருக்கிறது. அவர்கள் உடம்புக்கு அவை புதிது.

இது வெறும் யூகம் இல்லை, பக்கத்துத் தீவுகளிலேயே நடந்தது. 1858-இல் வெள்ளைக்காரன் போர்ட் பிளேரில் (2024-இலிருந்து அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) கைதிக் குடியிருப்பு போட்டபோது ‘பெரிய அந்தமானியர்’ என்ற பழங்குடியினர் ஐயாயிரம் பேருக்கு மேல் இருந்திருப்பார்கள் என்று கணக்கிடுகிறார்கள். ‘அந்தமான் இல்லம்’ என்று அவர்களுக்கு விடுதி கட்டிப் பராமரிக்கவும் செய்தார்கள். 1877-இல் தட்டம்மை வாரிக்கொண்டு போனது. மேகநோயும் நிமோனியாவும் சேர்ந்துகொண்டன. 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மிஞ்சியவர்கள் 19 பேர். இன்று ஸ்ட்ரெய்ட் தீவிலும் போர்ட் பிளேரிலுமாக ஐம்பது பேர் சொச்சம் இருக்கிறார்கள். அவர்களுடைய மொழிகளில் ஒன்றான ‘போ’ மொழியைப் பேசிய கடைசி மூதாட்டி 2010 ஜனவரியில் இறந்தார். அதோடு அந்த மொழியும் போயிற்று.

சென்டினல் தீவும் அந்த அனுபவத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டது. 1880-இல் போர்ட்மன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி ஆட்களோடு இறங்கி, ஒரு வயதான தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் பிடித்துக்கொண்டு போர்ட் பிளேர் வந்தார். ஆறு பேருக்கும் உடம்பு கெட்டது. பெரியவர்கள் இருவரும் செத்துப்போனார்கள். குழந்தைகளைப் பரிசுப் பொருட்களோடு திருப்பிக் கொண்டுபோய் விட்டார்கள். கூடவே எந்த நோய் தீவுக்குப் போயிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது. கரையில் வில்லோடு நிற்பவர்களை ‘காட்டுமிராண்டிகள்’ என்று எழுதுகிறவர்கள் இந்த 1880 சம்பவத்தை ஒருமுறை படிக்கலாம்.

அவர்கள் எப்போதுமே அம்போடு மட்டும் எதிர்கொண்டவர்களும் இல்லை. 1967 முதல் மானுடவியலாளர் திரிலோக்நாத் பண்டிட் முதலானோர் அவ்வப்போது போய்க் கரையில் தேங்காய் வைத்துவிட்டு வருவார்கள். தென்னை அந்தத் தீவில் இல்லை. 1991 ஜனவரி 4 அன்று போன குழுவில் மதுமாலா சட்டோபாத்யாய் என்ற பெண் மானுடவியலாளர் இருந்தார். தேங்காய்களை ஒவ்வொன்றாக நீரில் மிதக்கவிட, தீவுக்காரர்கள் கடலில் இறங்கி வந்து பொறுக்கினார்கள். ஓர் இளைஞன் வில்லை வளைத்தபோது பக்கத்தில் நின்ற பெண் அவனைத் தள்ளிவிட்டாள். அம்பு தண்ணீரில் விழுந்தது. அப்படி ஒரு தொடக்கம் கிடைத்தும், சில வருடங்களில் அரசே இந்தப் பயணங்களை நிறுத்திக்கொண்டது. இப்போது தூரத்திலிருந்து கவனிப்பதோடு சரி. 2011 கணக்கெடுப்பில் 15 பேர் என்று பதிவானதும் அப்படித் தூரத்திலிருந்து கண்ணில் பட்டவர்களை எண்ணியதுதான். அதை மொத்த மக்கள்தொகை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

‘அப்படியே விட்டுவிட்டால் மருந்து, பள்ளிக்கூடம் யார் தருவது?’ என்று உங்களுக்கும் தோன்றலாம். அதற்கு ஜாரவாக்களின் கதையைப் பார்க்க வேண்டும். 1996-இல் கால் முறிந்து கிடந்த ஒரு ஜாரவா சிறுவனை போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் வைத்துக் குணப்படுத்தி அனுப்பினார்கள். நல்ல காரியம், குறை சொல்ல முடியாது. மறு வருடம் ஜாரவாக்கள் தாங்களாகவே ஆயுதமில்லாமல் காட்டைவிட்டு வெளியே வரத் தொடங்கினார்கள். 1999-இல் தட்டம்மை பரவியது. மருத்துவ உதவி கிடைத்ததால் அவர்கள் அழியவில்லை. 2001-இல் 240 ஆக இருந்தவர்கள் 2011-இல் 380. ஆனால் திறந்த கதவு வழியாக மருந்து மட்டுமா போகும்? புகையிலை, சாராயம், வேட்டைக்காரர்கள், கேமரா எல்லாம் போயின. 2012 ஜனவரியில், உணவு தருவதாகச் சொல்லி ஜாரவாப் பெண்களை ஆடவைக்கிற வீடியோ உலகமெல்லாம் ஓடியது. ஜாரவாக்கள் தாங்களே வெளியே வந்தார்கள். சென்டினல்காரர்கள் வேண்டாம் என்கிறார்கள். என் கட்சி, அந்த ‘வேண்டாம்’ என்பதை மதிப்பதுதான். அரசு இதில் முழுக்க ஒழுங்காக இருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன்: சோம்பென் பழங்குடியினர் வாழும் பெரிய நிக்கோபார் தீவில் துறைமுகம், விமான நிலையம், நகரம் கட்ட 2022-இல் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்ததும் இதே அரசுதான்.

இனி பாராடாங். அது சட்டப்படி போகக்கூடிய இடம், சுண்ணாம்புக் குகை பார்க்க வேண்டியதுதான். ஆனால் சாலை ஜாரவா காப்புக்காட்டை ஊடுருவிப் போகிறது. அதை மூடச் சொல்லி 2002-இலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சாலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜிர்காடாங் செக்போஸ்ட்டில் பெயர், அடையாள அட்டை எண் எல்லாம் எழுதிக் கொடுத்து, விடியுமுன் வரிசையில் நின்று, போலீஸ் காவலோடு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும். நடுவில் நிறுத்தக்கூடாது, முந்தக்கூடாது, கண்ணாடியை இறக்கக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, தின்ன எதையும் நீட்டக்கூடாது. ஒருமுறை நான் போன வேனில் ஒரு அம்மா மடியில் பிஸ்கட் பாக்கெட்டுகளை அடுக்கி வைத்திருந்தார். “பாவம், குழந்தைங்களுக்குக் குடுக்கலாம்னு” என்றார். டிரைவர் ஒன்றும் பேசாமல் கை நீட்டி வாங்கி டேஷ்போர்டுக்குள் போட்டுப் பூட்டி, அக்கரைக்குப் போனதும் திருப்பிக் கொடுத்தார். நல்ல டிரைவர். “வழியில ஜாரவா காட்டுறேன்” என்கிற டிரைவர் கிடைத்தால் வண்டியை மாற்றுங்கள். அந்தச் சாலையே வேண்டாம் என்று தோன்றினால், கடல் வழியாகப் பாராடாங்குக்குப் படகு ஓடுகிறதா என்று போர்ட் பிளேர் சுற்றுலாத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். என்னைக் கேட்டால் அதுதான் நல்லது.

மகனுக்கு ஒரு யோசனை. போர்ட் பிளேரில் மானுடவியல் அருங்காட்சியகம் இருக்கிறது. ஜாரவாக்களின் மரப்பட்டை மார்க்கவசம், அம்பு, கூடை எல்லாவற்றையும் நின்று நிதானமாகப் பார்க்கலாம். 1981-இல் ‘பிரிம்ரோஸ்’ என்ற சரக்குக் கப்பல் சென்டினல் பவளத்திட்டில் தட்டி நின்றது. மாலுமிகளை ஹெலிகாப்டரில் மீட்ட பிறகு, அந்தக் கப்பல் இரும்பைத் தட்டித் தீவுக்காரர்கள் அம்புமுனை செய்துகொண்டார்கள். இரும்பை உருக்கத் தெரியாதவர்கள் அதை எப்படி வடிவமாக்கியிருப்பார்கள் என்று ஒரு வீடியோ போட்டால், நானே முதல் ஆளாகப் பார்க்கிறேன்.