ஆழ்நீல ஓஎல்இடிக்கு (கரண்ட் பாஞ்சா வெளிச்சம் தர்ற ஆர்கானிக் பொருள்ல செஞ்ச எல்இடி) நிலையான பாலிமர் செய்யறதுல அப்படி என்ன கஷ்டம்? எம்.எஸ்சி ப்ராஜெக்டுக்கு எடுக்கலாமா?

தாராளமா எடுங்க, ஆனா எங்க மாட்டுவீங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு எடுங்க. நான் பிஎச்டி பண்ணது பாலிஃப்ளூரீன்லதான் (ஃப்ளூரீன்ங்கற வளைய மாலிக்யூல கோத்து செஞ்ச, நீலமா எரியற பாலிமர்), அதனால அந்தப் பக்கமே கொஞ்சம் அதிகமா பேசுவேன்.

பிரச்சனையோட வேர் எனர்ஜில இருக்கு. 620 நானோமீட்டர் சிவப்பு ஃபோட்டானுக்கு 2 எலக்ட்ரான் வோல்ட், 450 நானோமீட்டர் நீலத்துக்கு 2.75. இவ்ளோ எனர்ஜிய தாங்கிக்கிட்டு இருக்கற மாலிக்யூல்ல ரெண்டு எக்ஸைட்டான் (வெளிச்சமா மாறப்போற எனர்ஜி பொட்டலம்) மோதினாலோ, எக்ஸைட்டானும் சார்ஜும் மோதினாலோ, ரெண்டோட எனர்ஜியும் ஒண்ணா சேந்து ஏதாவது ஒரு பலவீனமான பாண்ட உடைச்சிரும். டிவிக்கான பிடி.709 ஸ்டாண்டர்டுல நீலத்தோட சிஐஇ ஒய் மதிப்பு (நிறத்தைக் குறிக்கற எண், நீலத்துல இது குறைஞ்சா ஆழம் கூடும்) 0.06, புது பிடி.2020-ல 0.046, அதாவது இன்னும் ஆழமா போகணும், கண்ணுக்கு அந்தப் பக்கம் உணர்திறன் கம்மி வேற, அதனால அதே பிரைட்னஸுக்கு கரண்ட் அதிகமா ஓட்டணும், அது ஆயுச இன்னும் குறைக்கும்.

1990-ல கேம்பிரிட்ஜ்ல பரோஸ், பிராட்லி, ஃப்ரெண்ட் எல்லாரும் சேந்து பிபிவி (பாலி ஃபினைலீன் வினைலீன்) பாலிமர்ல வெளிச்சம் வரவச்சப்ப அது மஞ்சள் கலந்த பச்சை. நீலத்துக்குன்னு தேடினப்ப கெடச்ச நல்ல கேண்டிடேட் பாலிஃப்ளூரீன். ஃபிலிம்ல பளிச்சுனு நீலமா எரியும், கரைசலாவே கோட் பண்ணலாம், எல்லாம் சரி. ஆனா டிவைஸ் கொஞ்ச நேரம் ஓடினதும் 530 நானோமீட்டர் பக்கத்துல ஒரு அகலமான பச்சை பேண்ட் எழும்பும். சங்கிலிகள் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி எக்ஸைமர் (எக்ஸைட் ஆன ஒரு மாலிக்யூல் பக்கத்து மாலிக்யூலோட சேந்த ஜோடி) உண்டாகுதுன்னுதான் ரொம்ப நாள் எல்லாரும் நம்பிட்டு இருந்தாங்க. 2002 வாக்குல எமில் லிஸ்ட், ஷெர்ஃப் குரூப் வேலைக்கு அப்புறம் பெரும்பாலானவங்க ஏத்துக்கிட்டது வேற: ஃப்ளூரீனோட 9-வது கார்பன் (ரெண்டு பென்சீன் வளையத்த இணைக்கற பாலமா இருக்கறது) ஆக்சிடைஸ் ஆகி கீட்டோனா, அதாவது ஃப்ளூரீனோனா மாறுது. அது நூத்துல ஒண்ணு கூட இருக்க வேண்டியதில்ல, ஏன்னா எக்ஸைட்டான் சங்கிலி வழியாவும் பக்கத்து சங்கிலிக்கும் தாவித் தாவி போகும், மழைத் தண்ணி பள்ளத்தைத் தேடிப் போற மாதிரி எனர்ஜி கம்மியான கீட்டோன்ல போய் விழுந்துரும். அங்கருந்து வர்றதுதான் அந்தப் பச்சை.

டிசைன்ல நான் முதல் இடம் கொடுக்கறது இந்த 9-வது கார்பனுக்குத்தான். ரெண்டு ஆல்கைல் சங்கிலி (கார்பன், ஹைட்ரஜன் மட்டும் இருக்கற வால்) போட வேண்டிய இடத்துல ஒண்ணு மட்டும் ஏறின மானோமர் துளி கலந்திருந்தா கூட, மிச்சமிருக்கற ஹைட்ரஜன் சுலபமா கழண்டு ஆக்சிஜன் ஒட்டிக்கும். ஆல்கைலுக்கு பதிலா அரைல் (பென்சீன் வளைய குரூப்) போடறது, இல்ல ஸ்பைரோ அமைப்புக்கு (ரெண்டு வளைய அமைப்பு ஒரே அணுல இணையறது) போறது, ரெண்டுமே ஆக்சிடேஷன நல்லா தாங்குது. 2005-ல ஆண்ட்ரூ ஹோம்ஸ் குரூப் அந்த இடத்துல கார்பனையே எடுத்துட்டு சிலிக்கான் வச்சு பாலி டைபென்சோசிலோல் செஞ்சாங்க, காத்துல வச்சு சூடு பண்ணியும் பச்சை வரல. இந்த ஃபீல்டுல எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை அதுதான், பிரச்சனை எந்த அணுல இருக்கோ அந்த அணுவையே மாத்திட்டாங்க.

சைடு குரூப்ப பருமனாக்கி சங்கிலிகள தள்ளி வைக்கறது அடுத்த வழி. நான்ஜிங்ல வெய் ஹுவாங் குரூப் டைஃபினைல்ஃப்ளூரீன் பாலிமர்கள்ல இத நிறைய பண்ணியிருக்காங்க. நல்லதுதான், ஆனா ரொம்ப பருமனாக்கினா சார்ஜ் தாவறது தடைபடும், டிரைவ் வோல்டேஜ் ஏறும். அதே மாதிரி பாலிஃப்ளூரீனுக்குள்ள எலக்ட்ரான் சுலபமா ஏறாது, அதனால டைபென்சோதயோஃபீன் டையாக்சைடு மாதிரி எலக்ட்ரான இழுக்கற யூனிட்ட கோபாலிமரா சேப்பாங்க, குவாங்ஜோல யோங் சாவ் குரூப் இதுல பெரிய ஆளுங்க. அளவு கொஞ்சம் கூடினாலும் ஆழ்நீலம் வானநீலத்துக்கு நகந்துரும். எல்லா இடத்துலயும் இந்த இழுபறி இருக்கும்.

பேப்பர்ல கம்மியா எழுதி லேப்ல அதிகமா அனுபவிக்கறது சுத்தம். சின்ன மாலிக்யூல வேக்குவம்ல பதங்கமாக்கி சுத்தம் பண்ணிக்கலாம், பாலிமர அப்படி ஆவியாக்க முடியாது. சுசூகி கப்ளிங்ல (மானோமர்கள கோக்கற ரியாக்‌ஷன், பல்லேடியம் கேடலிஸ்ட்) பல்லேடியம் மிச்சம் இருக்கும், சங்கிலி முனைல புரோமினும் போரானும் இருக்கும், ரெண்டுமே டிவைஸ்ல ட்ராப்பா (சார்ஜ் மாட்டிக்கற இடமா) மாறும். முனைய ஃபினைல் போட்டு மூடணும், பல்லேடியத்த ஸ்கேவெஞ்சர் (உலோகத்த பிடிச்சுக்கற பொருள்) போட்டு எடுக்கணும், திரும்பத் திரும்ப மெத்தனால்ல விழவச்சு சாக்ஸ்லெட்ல (சால்வெண்ட்ட திரும்பத் திரும்ப ஓட்டி கழுவற கருவி) ஓட்டணும். அலுப்பான வேலைதான், ஆனா இதுல விட்டத எந்த அழகான ஸ்ட்ரக்சரும் ஈடு கட்டாது. ஒரே பாலிமர் பேட்ச் மாறினா ஆயுசும் மாறுறதுக்கு முக்கால்வாசி காரணம் இதுதான்னு நான் நினைக்கறேன்.

ப்ராஜெக்ட்டுக்கு டிவைஸ் வசதி இல்லன்னா கவலப்படாதீங்க. கண்ணாடில ஃபிலிம் போட்டு, காத்துலயே 150, 200 டிகிரில சூடு பண்ணி, அப்பப்ப ஃபோட்டோலூமினசென்ஸ் (வெளிச்சம் அடிச்சு, ஃபிலிம் உமிழற வெளிச்சத்த அளக்கறது) எடுங்க, 530 பக்கம் தல தூக்குதான்னு பாருங்க. கூடவே ஐஆர் ஸ்பெக்ட்ரம்ல 1720 செ.மீ⁻¹-க்கு பக்கத்துல கார்பனைல் (C=O) பீக் வருதா பாருங்க, ரெண்டும் சேந்து வளந்தா கீட்டோன்தான். அதே ஃபிலிம நைட்ரஜன்லயும் சூடு பண்ணி ஒப்பிடுங்க, அப்பதான் ஆக்சிஜனால வர்றது எது, சங்கிலி அடுக்கு மாறினதால வர்றது எதுன்னு பிரிச்சு சொல்ல முடியும். ஆல்கைல், அரைல், ஸ்பைரோ, இந்த மூணுல ரெண்டு பாலிமர் கெடச்சாலே ஒரு எம்.எஸ்சி ப்ராஜெக்டுக்கு தாராளம். சிலிக்கான் மானோமர் சிந்தசிஸ்ல மட்டும் இப்ப கை வைக்காதீங்க, ஆறு மாசமும் அதுலயே போயிரும்.