அரச குடும்பத்தின் அலங்கோலங்களைக் கிண்டலடிக்கும் பழைய ஓவியத்தைச் சுவரில் மாட்டலாமா?

தாராளமாக மாட்டலாம். அந்தக் காலத்திலேயே இவை லண்டன் அச்சுக்கடை ஜன்னல்களில் தொங்கி, தெருவே நின்று சிரித்த படங்கள்தான்.

என் தேர்வு, ஆங்கிலேயக் கேலிச்சித்திரக்காரர் ஜேம்ஸ் கில்ரே 1792-ல் வரைந்த வேல்ஸ் இளவரசர் (பின்னாளில் பிரிட்டன் மன்னர் நான்காம் ஜார்ஜ்) கேலிச்சித்திரம். மூக்குமுட்டத் தின்றுவிட்டு முள்கரண்டியால் பல் குத்துகிறார். தொப்பையில் கையில்லா உள்கோட்டு ஒற்றைப் பொத்தானில் தொங்குகிறது. பின்னால் பாருங்கள், கட்டாத பில்கள் பறக்காமல் இருக்க மேலே வைத்திருப்பது மூத்திரச் சட்டி! விருந்தாளி அதைக் கவனிக்கும் கணத்துக்காகவே வாங்கலாம்.

காப்புரிமைச் சிக்கல் இல்லை. ஆனால் மங்கலான படக்கோப்பு ஒன்றை அச்சடித்தால் நுண்கோடுகள் குழம்பிவிடும். அப்புறம், பளபளப்புத் தாள் வேண்டாம், மேட் தாளே சரி.