சின்ன ட்யூப் ஹெட்டில் எதை எடுப்பது?

வணக்கமுங்க அண்ணா. சோமனூரிலிருந்து எழுதுறேன். வார நாளில் தறி, சனி ஞாயிறு ஆர்க்கெஸ்ட்ராவில் கிதார். இதுவரை சாலிட் ஸ்டேட் (ட்ரான்சிஸ்டர்) ஆம்ப்பும் பெடலும்தான். இப்போ ஒரு ட்யூப் ஹெட், அதாவது ஸ்பீக்கர் தனியா இருக்கிற வால்வ் ஆம்ப், வாங்கலாம்னு இருக்கேன். ஆரஞ்ச் டைனி டெரர், மார்ஷல் டிஎஸ்எல்20, பீவி 6505 எம்ஹெச் மூணும் மனசுல இருக்குங்க. 15, 20 வாட்னா வீட்டிலேயே முழு டிஸ்டார்ஷன் (கிதாரின் கரகரப்பு) வரும், மேடைக்கும் ஆகும்னு சொல்றாங்க. நிஜமுங்களா? எதை எடுக்கலாம்?

அன்புள்ள தம்பி,

மேடைக்கு ஆகும். எப்படியும் ஸ்பீக்கர் முன்னால் மைக் வைக்கத்தான் போகிறார்கள். வீட்டில் முழு டிஸ்டார்ஷன் என்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

வாட் பாதியானால் சத்தம் பாதியாவதில்லை. 20 வாட்டை 10 ஆக்கினால் 3 டெசிபெல்தான் குறையும். காதுக்குப் பாதியாகக் கேட்க வேண்டுமானால் பத்தில் ஒரு பங்குக்கு இறங்க வேண்டும். செலஸ்டியன் விண்டேஜ் 30 ஸ்பீக்கர் 1 வாட்டிலேயே ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபெல் கொடுக்கும். தறிக்குடோனில் கத்திப் பேசிப் பழகிய உங்களுக்கு அது எவ்வளவு என்று விளக்க வேண்டியதில்லை.

வாட்டை விடுங்கள், டிஸ்டார்ஷன் எங்கே உண்டாகிறது என்று பாருங்கள். முன்னால், ப்ரீஆம்பில் இருக்கும் 12ஏஎக்ஸ்7 ட்யூப்களில் வருவது, கெயினை (முதல் கட்டப் பெருக்கத்தை) கூட்டி மாஸ்டரை (கடைசி வால்யூமை) குறைத்தால் சின்னச் சத்தத்திலும் கிடைக்கும். ஸ்பீக்கரைத் தள்ளும் பவர் ட்யூப்கள் திணறும்போது வருவது வேறு. அதற்கு வால்யூமைத் திறந்தே ஆக வேண்டும்.

2006-ல் வந்த டைனி டெரரில் கெயின், டோன், வால்யூம் என்று மூன்றே குமிழ். பவருக்கு இரண்டு இஎல்84 ட்யூப். கெயினைப் பாதிக்குக் கீழே வைத்து, வால்யூமை முக்கால்வாசி திருகி, ஒரு ஏ கார்டை அழுத்தி அடித்துப் பாருங்கள். அடித்த கணத்தில் ஒலி லேசாக அமுங்கி, அப்புறம் பொங்கி எழும். அதே கார்டை மெதுவாகத் தடவினால் கிட்டத்தட்ட க்ளீன், கரகரப்பே இருக்காது. கிதாரின் வால்யூம் குமிழே உங்கள் சேனல் ஸ்விட்ச் ஆகிவிடும். எந்தப் பெடலிலும் எனக்கு இது இவ்வளவு உயிரோடு கிடைத்ததில்லை. ஆனால் தடித்த கம்பியைக் கை வைத்து அமுக்கி வேகமாக வெட்டினால் அடிப்பகுதி தளர்ந்துவிடும். முன்னால் ஒரு ட்யூப் ஸ்க்ரீமர் பெடல் போட்டு பேஸைக் குறைத்தால் கட்டுக்குள் வரும்.

பீவியிலும் இஎல்84தான், குணம் நேரெதிர். அதன் டிஸ்டார்ஷன் பெரும்பாலும் ப்ரீஆம்பிலேயே முடிந்துவிடுகிறது. அதனால் 1 வாட்டுக்கு இறக்கினாலும் இறுக்கம் போகாது. ராத்திரி வீட்டில் மெட்டல் மட்டும் வாசிப்பவருக்கு அதையே சொல்வேன்.

நீங்கள் ஆர்க்கெஸ்ட்ராக்காரர். ஒரு பாட்டுக்குப் பளிச்சென்ற க்ளீன், அடுத்த பாட்டில் லீட். குனிந்து குமிழ் திருக நேரம் இருக்காது. டிஎஸ்எல்20-ல் இரண்டு சேனல், ஃபுட்ஸ்விட்சில் மாற்றலாம். இரண்டு இஎல்34 பவர் ட்யூப் இருப்பதால் நடு ஸ்தாயி முன்னால் வந்து நிற்கும், கீபோர்டும் ரிதம் பேடும் சேர்ந்து ஒலிக்கும்போது கிதார் அமுங்காது. என் மனசு டைனி டெரரோடுதான், ஆனால் உங்கள் வேலைக்கு டிஎஸ்எல்20 எடுங்கள்.

வாங்குவது வெளிநாட்டுப் பழையது என்றால் 230 வோல்ட்டா, 120 வோல்ட்டா என்று பின்பக்கம் பாருங்கள். தோட்டத்து மோட்டார்கள் ஓடும் நேரத்தில் உங்கள் பக்கம் வோல்டேஜ் இறங்கினால் ட்யூப் சோர்ந்து ஒலிக்கும், ஒரு ஸ்டெபிலைசர் வைத்துவிடுங்கள். கேபினெட்டின் (ஸ்பீக்கர் பெட்டியின்) ஓம்ஸும் ஹெட்டின் ஓம்ஸும் ஒத்துப்போக வேண்டும். ஸ்பீக்கர் செருகாமல் எந்த ட்யூப் ஹெட்டையும் போட்டு வாசிக்காதீர்கள், அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடும். ரிப்பேர் என்றால் பெட்டியை நீங்களே திறக்க வேண்டாம். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம்.